மொட்டை மாடியும் ஒரு முனைவர் பட்டமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் அடுக்ககத்தில் மேல்தளத்தில் குடியிருக்கும் நம் ஊர்க்காரத் தம்பதி இருவரும் சேர்ந்தாற்போல் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மட்டும் வந்தால் தண்ணீர் மோட்டார் விஷயம். அந்த அம்மாள் மட்டும் வந்தால் கறிவேப்பிலை விஷயம். இருவரும் சேர்ந்து வந்தால் பிள்ளை விஷயம்தான். காபி கலந்து கொடுத்து உட்கார வைத்தேன்.

"டீச்சர், நீங்க சொன்னா அவன் கேப்பான். பிசிக்ஸ் பைத்தியத்தை அவனுக்கு ஏத்தி விட்டதே நீங்கதானே!" என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார்.

பையன் எலக்ட்ரானிக்ஸில் பி.டெக். முடித்திருக்கிறான். ஹைடெக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வேலை உத்தரவு கொடுத்துவிட்டது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். அவனோ, ஒரு மத்திய அரசுக் கல்வி நிறுவனத்தில் பி.எச்டி.க்கு இடம் வாங்கி வைத்துக்கொண்டு, அங்கேதான் போவேன் என்று நிற்கிறான். பாடம் நானோ ஒளியியல், மெட்டாமெட்டீரியல்.

"அப்படின்னா என்ன டீச்சர்? அதைப் படிச்சா என்ன வேலை?" என்று கேட்டார் அப்பா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். அன்றைக்கு ஏதோ அரைகுறையாகச் சொல்லி அனுப்பினேன். நம் சங்கத்தில் இதே கேள்வியோடு பத்து வீடாவது இருக்கும் என்பதால், முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் செகந்திராபாத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவள் என்ற ஒரு தகுதியைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக ஆசிரியருக்கு எழுதலாம்.

முதலில், அது என்ன பாடம்?

மயிலிறகை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீலமும் பச்சையும் சாயம் அல்ல. இறகை நன்றாக இடித்துப் பொடியாக்கினால் நீலம் போய்விடும், பழுப்புத் தூள்தான் மிஞ்சும். இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கம்பிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கின் இடைவெளிதான் எந்த நிறம் திரும்பி வர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அதாவது, பொருள் எது என்பதைவிட அடுக்கிய விதம் எது என்பதுதான் முக்கியம். இதையே மனிதன் வேண்டுமென்று திட்டமிட்டுச் செய்தால் அது நானோ ஒளியியல். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அந்த அளவிலோ அதற்கும் குறைவாகவோ பொருளைச் செதுக்கி, இயற்கையில் எந்தப் பொருளுக்கும் இல்லாத குணத்தை வரவழைத்தால் அதற்கு மெட்டாமெட்டீரியல் என்று பெயர்.

பெயர்தான் புதிது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1898-ல் சணல் நாரை முறுக்கி வைத்து, அதன் வழியாக மின்காந்த அலையை அனுப்பி, அலையின் தளம் திரும்புவதைக் காட்டினார். சணலுக்கு என்று அப்படி ஒரு குணம் கிடையாது. முறுக்கு கொடுத்த குணம் அது! பிறகு 1967-ல் ரஷ்யர் வெசலாகோ, ஒளி தலைகீழாக வளையும் பொருள் இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு எழுதி வைத்தார். முப்பது வருஷம் அது கணக்காகவே கிடந்தது. லண்டனில் ஜான் பென்ட்ரி போன்றவர்கள் 2000-ஐ ஒட்டித்தான் அதைச் செய்து பார்க்க வழி கண்டார்கள். 2006-ல் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில், மைக்ரோவேவ் அலைகளுக்கு ஒரு பொருளை மறைத்துக் காட்டும் வளையத்தைச் செய்தார்கள். பத்திரிகைகள் 'மாயப் போர்வை' என்று கொட்டை எழுத்தில் போட்டன. அது போகட்டும். மாயப் போர்வை நம் வீட்டுக்கு எதற்கு?

நம் வீட்டுக்கு வேண்டியது வேறு ஒன்று. மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு, குறிப்பாக ஹைதராபாத் வீட்டுத் தரகர்கள் 'பென்ட்ஹவுஸ்' என்று கௌரவமாகப் பெயர் சொல்லி வாடகைக்கு விடும் மொட்டை மாடி அறைகளில் குடியிருப்பவர்களுக்கு, ஏப்ரல், மே மாதத்தில் என்ன வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக இந்த ஊருக்கு வந்து மல்காஜ்கிரியிலும் குக்கட்பல்லியிலும் வீடு தேடும் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் முதல் இரண்டு வருஷம் அந்த அறைகளில்தான் இருந்திருக்கிறோம். பகல் முழுவதும் கான்கிரீட் குடித்த வெயிலை இரவு பதினோரு மணிக்கு நம் தலைமேல் இறக்கும். மின்விசிறி சுற்றினால் அனல் காற்று.

இங்கேதான் அந்தப் பையன் படிக்க நினைக்கும் பாடம் வருகிறது. ஒருவருடைய கதையைச் சொல்கிறேன்.

ஆஸ்வத் ராமன் என்று ஒருவர். (பெயரைப் பார்த்ததும் 'நம்மவரா, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்பது நம் சங்கத்தின் பழைய வியாதி. விட்டுவிடுவோம்.) கனடாவில் வளர்ந்தவர். தாத்தா பாட்டி மும்பையில். கோடை விடுமுறை தோறும் அங்கே வருவார். குளிர் நாட்டிலிருந்து வந்து இறங்கும் பிள்ளைக்கு மும்பை வெயிலும் புழுக்கமும் எப்படி இருந்திருக்கும்! ஏ.சி. வாங்குங்கள் என்று எவ்வளவோ மன்றாடியும் தாத்தா பாட்டி கடைசிவரை வாங்கவில்லையாம். 2018-ல் டெட் மேடையில் பேசும்போது இதை அவரே சொன்னார். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிச் சொன்னது போலவே இருந்தது.

அவர் ஹார்வர்டில் இயற்பியலும் வானியலும் படித்தார். அங்கேயே கம்ப்யூட்டர் சயன்ஸில் முதுகலைப் பட்டமும் வாங்கினார். பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்: கம்ப்யூட்டர் தெரியாமல் ஆராய்ச்சிக்குப் போனவர் அல்ல. பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஷான்ஹுய் ஃபான் என்ற பேராசிரியரிடம் நானோ ஒளியியலில் சேர்ந்து, 2013-ல் முனைவர் பட்டம் பெற்றார். அந்தச் சமயத்தில் அவர் கையில் எடுத்த விஷயம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

பூமியில் இருக்கும் எல்லாப் பொருளும், நம் உடம்பு உட்பட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் பெரும்பகுதியைக் காற்று மண்டலம் வாங்கித் திருப்பித் தந்துவிடும். ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை உள்ள அலைகளுக்கு மட்டும் வானம் ஒரு திறந்த ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகப் போகும் வெப்பம் நேராக விண்வெளிக்குப் போய்விடும். அங்கே குளிர் மைனஸ் 270 டிகிரி. மேகம் இல்லாத இரவில், காற்றின் வெப்பத்தைவிட தகரமும் புல்லும் அதிகம் சில்லிட்டுப் போவது இதனால்தான்.

இதை வைத்து நம் நாட்டில் ஐஸ் செய்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அலகாபாத்திலும் வங்காளத்திலும் குளிர்காலத்தில் ஆழமில்லாத குழி வெட்டி, உலர்ந்த கரும்புச் சக்கையைப் பரப்பி, அதன்மேல் மெல்லிய மண் தட்டுகளில் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். விடியுமுன் பார்த்தால் தண்ணீர் உறைந்திருக்கும். இத்தனைக்கும் காற்று உறைநிலைக்குப் போயிருக்காது. ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதை நேரில் பார்த்து 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நம் சென்னையில் இது நடக்காது. குளிரும் போதாது, ஈரக்காற்று அந்த வான ஜன்னலுக்குத் திரையும் போட்டுவிடும். அதனால்தான் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி கொண்டு வந்து இறக்கி, 1842-ல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அதே கட்டடம். ஹைதராபாத்தோ தக்காணப் பீடபூமி. வறண்ட கோடை. ஈரம் குறைந்த வானம். இந்த வித்தைக்குச் சென்னையைவிட நம் ஊர் எவ்வளவோ மேல். வெயிலைக் குறை சொல்லியே பழகிய நமக்கு இது ஒரு ஆறுதல்!

நிற்க. இரவில் சரி, பகலில்? வெயில் நேரத்தில்தானே குளிர்ச்சி வேண்டும்? அங்கேதான் சிக்கல். ஒரு சதுர மீட்டர் பரப்பு வானத்துக்கு அனுப்பக்கூடிய வெப்பம் ஏறக்குறைய 100 வாட். நடுப்பகலில் அதே பரப்பில் விழும் வெயில் சுமார் 1000 வாட். வெயிலில் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும் கணக்கு சமமாகிப் போச்சு. 1970-களிலும் 80-களிலும் இத்தாலியிலும் ஸ்வீடனிலும் இதை ஆராய்ந்தார்கள். பகல் விஷயத்தில் யாருக்கும் பெரிய வெற்றி கிட்டவில்லை. கட்டுரைகள் நூலகத்தில் தூங்கின.

ராமனும் அவர் கூட்டாளிகளும் அந்தத் தூசியைத் தட்டினார்கள். 2013-ல் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதினார்கள். 2014-ல் செய்து காட்டினார்கள். வெள்ளிப் பூச்சின் மேல் ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்கன் ஆக்சைடும் மாறி மாறி ஏழு அடுக்கு. மொத்தக் கனம் இரண்டு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் கனத்தில் சில பங்குதான். வெயிலில் 97 சதவீதத்தை அது திருப்பி அனுப்பியது. அதே சமயம், வான ஜன்னல் அலைகளில் மட்டும் வெப்பத்தைக் கொட்டியது. ஸ்டான்ஃபோர்டில் ஒரு கட்டடத்தின் மாடியில் நேர் வெயிலில் வைத்தார்கள். சுற்றியுள்ள காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குறைவாகக் குளிர்ந்தது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, ஓடும் பாகம் எதுவும் இல்லை! 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த 5 டிகிரி அல்ல. அதற்குப் பின்னால் நடந்ததுதான். வேறு ஊர்களில் வேறு வேறு ஆட்கள் அதையே மலிவாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 2017-ல் கொலராடோவில் கண்ணாடி மணிகளைக் கலந்த பிளாஸ்டிக் படலம் ஒன்றைச் செய்தார்கள். பாய் சுருட்டுவது போலச் சுருட்டலாம். 2021-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேரியம் சல்பேட்டை வைத்து 98 சதவீத வெயிலைத் திருப்பும் பெயிண்ட் செய்தார்கள். ராமன் தன் நண்பர்களோடு ஸ்கைகூல் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். குளிர்பதனக் கருவிகளின் தண்ணீரை இந்தத் தகடுகளின் வழியாக ஓடவிட்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் முயற்சி அது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளிக்குப் பேராசிரியராகப் போனார். 2019-ல் அவர் செய்து காட்டியது இன்னும் வேடிக்கை. ஒரு தெர்மோகோல் பெட்டி, ஒரு அலுமினியத் தட்டு, கடையில் கிடைக்கும் ஒரு சிறு மின்வெப்பக் கருவி. தட்டு இரவு வானத்தைப் பார்த்துக் குளிரும். அடிப்பக்கம் காற்றின் வெப்பத்தில் இருக்கும். அந்த வித்தியாசத்தில் மின்சாரம் எடுத்து ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை எரிய வைத்தார். சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட்தான், அதிகம் இல்லை. ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சம்!

இப்போது அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அதைப் படித்தால் என்ன வேலை?

உலகத்தில் 2018 கணக்குப்படி 160 கோடி ஏ.சி. இருந்தன. 2050-ல் அது 560 கோடி ஆகும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. அதில் பெரும்பங்கு நம் நாட்டையும் சீனாவையும் போன்ற இடங்களில். அத்தனைக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது ஒரு பக்கம். அந்த ஏ.சி.க்கள் பின்பக்கமாகத் தெருவில் கொட்டும் அனலை யார் குடிப்பது என்பது இன்னொரு பக்கம். வாங்கியவன் உள்ளே குளிர்வான், வாங்காதவன் வெளியே வேகுவான். வேலை இல்லை என்று யார் சொன்னது?

நம் ஊரிலேயே பாருங்கள். கச்சிபௌலி ஐ.ஐ.ஐ.டி.க்காரர்களும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து, ஹைதராபாத்திலேயே கட்டடங்களின் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்து அளந்து பார்த்தார்கள். 2012-ல் வெளியான அந்த முடிவுப்படி, கறுப்புக் கூரையை வெள்ளையாக்கினால் குளிர்பதனத்துக்கு ஆகும் மின்சாரத்தில் 14 முதல் 26 சதவீதம் வரை மிச்சம். வெறும் கான்கிரீட் கூரை என்றால் 10 முதல் 19 சதவீதம். தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2028-க்குள் மாநிலத்தில் 300 சதுர கிலோமீட்டர், அதில் ஹைதராபாத்தில் மட்டும் 200 சதுர கிலோமீட்டர் கூரையைக் குளிர்கூரையாக்குவது இலக்கு. 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனையில் கட்டும் வீடுகளுக்குக் கட்டாயம், சிறிய வீடுகளுக்கு விருப்பம் போல என்று வகுத்தார்கள். என் அபிப்பிராயத்தில் இது தலைகீழ். 600 கஜத்து வீட்டுக்காரருக்கு எல்லா அறையிலும் ஏ.சி. இருக்கும். வேகிறது சின்ன வீடும் பென்ட்ஹவுஸும்தான். அவர்களைக் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை, உதவி செய்திருக்கலாம்.

வெள்ளைப் பூச்சு வேறு, ராமன் செய்த படலம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பும். நம் ஊர்த் தூசியில் சீக்கிரம் குறைந்துவிடும். கூரை சூடாவதைக் குறைக்குமே தவிர, நடுப்பகலில் காற்றைவிடக் குளிர வைப்பது கடினம். 80-க்கும் 97-க்கும் நடுவில் இருக்கும் அந்தப் பதினேழு சதவீதத்தில்தான் அந்தப் பையனின் பி.எச்டி. இருக்கிறது. தூசி படிந்தாலும் கெடாத, மழையில் கரையாத, சதுர அடிக்கு நம்மால் கொடுக்க முடிந்த விலையில் ஒரு பூச்சு. அதை மல்காஜ்கிரி மாடியில் நின்று வேர்த்தவன் யோசித்தால் ஒரு மாதிரி இருக்கும், கலிஃபோர்னியாவில் இருந்து யோசித்தால் வேறு மாதிரி இருக்கும்.

"அதெல்லாம் சரி டீச்சர். ஆசை வேற, அடுப்பு வேற" என்றார் அந்த அப்பா. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரை விட்டு வந்தவர்களின் பயம் ஊரிலேயே இருப்பவர்களுக்குப் புரியாது. நமக்கு இங்கே நிலம் இல்லை, தோப்பு இல்லை, அவசரத்துக்கு ஓடிப் போய் நிற்கச் சித்தப்பா வீடு இல்லை. பிள்ளையின் சம்பளம்தான் நம் நிலம். அதனால்தான் எட்டாம் வகுப்பிலேயே குக்கட்பல்லி கோச்சிங் வகுப்பில் கொண்டுபோய் விடுகிறோம். அதில் படித்த பிள்ளை கடைசியில் 'எனக்கு ஆராய்ச்சி' என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆராய்ச்சி மாணவருக்கு அரசு தரும் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பிரதம மந்திரி ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு 70,000-இல் ஆரம்பம், அது சிலருக்குத்தான். சாஃப்ட்வேர் வேலைக்குப் போன கூட்டாளி ஐந்து வருஷத்தில் காரும் ஃப்ளாட்டும் வாங்கியிருப்பான். இவன் அப்போதுதான் பட்டத்தை வாங்கிக்கொண்டு, இன்னும் இரண்டு மூன்று வருஷம் எங்காவது மேலாய்வுக்குப் போக வேண்டும். உதவித்தொகை மாதா மாதம் தேதி தவறாமல் வரும் என்றும் சொல்ல முடியாது. என்னிடம் படித்த பிள்ளைகளே எத்தனையோ பேர் அந்தப் புலம்பலோடு வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ராமனைப் போல 'நேச்சர்' கட்டுரை அமையாது. பாதியில் விட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வழிகாட்டி சரியில்லாமல் ஏழு வருஷம் இழுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்தும் நான் அந்தப் பையன் பக்கம்தான்.

சொன்னால் சிரிப்பீர்கள். நம் வீடுகளில் சி.வி. ராமன் படம் இல்லாத பிள்ளைகளின் பாடப்புத்தகம் கிடையாது. பிப்ரவரி 28 வந்தால் பேச்சுப் போட்டி வைக்கிறோம். ஆனால் அவர் செய்த காரியத்தை நம் வீட்டுப் பிள்ளை செய்ய விடுவோமா? திருச்சியில் பிறந்தவர், 1907-ல் நிதித்துறைத் தேர்வில் முதலாவதாக வந்து, கல்கத்தாவில் அரசு கணக்கு அதிகாரியாகப் போனவர். அந்தக் காலத்தில் அது எப்பேர்ப்பட்ட உத்தியோகம்! காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த ஒரு ஆய்வுக்கூடத்தில் சொந்த ஆசைக்கு ஆராய்ச்சி செய்தார். பத்து வருஷம் அப்படி ஓடியது. 1917-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தபோது, ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. இன்றைக்கு அவர் நம் சங்கத்து உறுப்பினராக இருந்திருந்தால், 1917-ல் நாம் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போய்ப் புத்தி சொல்லியிருப்போம்!

அவருடைய சகோதரி மகன் பஞ்சரத்னத்தைப் பற்றி நம் பேச்சுப் போட்டிகளில் யாரும் பேசுவதில்லை. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். 1956-ல், 22 வயதில், ஒளியின் தளம் ஒரு சுற்று சுற்றி வந்தால் அலையில் ஒரு கூடுதல் மாற்றம் மிஞ்சும் என்று கணக்கிட்டு எழுதினார். இந்தியப் பத்திரிகை ஒன்றில் வந்தது, யாரும் அதிகம் கவனிக்கவில்லை. 1969-ல் ஆக்ஸ்ஃபோர்டில் 35 வயதிலேயே காலமாகிவிட்டார். 1984-ல் மைக்கேல் பெர்ரி இங்கிலாந்தில் இது போன்ற ஒன்றைப் பொதுவாகக் கண்டு சொன்ன பிறகுதான், ராமசேஷனும் நித்யானந்தாவும் 1986-ல் பஞ்சரத்னத்தின் கட்டுரையைத் தூசி தட்டிக் காட்டினார்கள். பெர்ரியும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். இன்று மெட்டாமெட்டீரியல் துறையில் காகிதம் போல் தட்டையான லென்ஸ் செய்கிறார்களே, 2016-ல் ஹார்வர்டில் செய்தது உட்பட, அவற்றில் பல பஞ்சரத்னம்-பெர்ரி கட்டம் என்ற அந்தத் தத்துவத்தில் வேலை செய்கின்றன. அந்தப் பையன் போய்ச் சேர்ந்தால் முதல் வருஷப் பாடத்தில் இந்தப் பெயரைப் படிப்பான். நம் பெயர் ஒன்று அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

என் சொந்தக் கதை ஒரு வரிதான். 1977-ல் எம்.எஸ்ஸி. முடித்தபோது எனக்கும் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. போகவில்லை. ஏன் என்று அந்தத் தலைமுறைப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோருக்கு என் யோசனை இதுதான். 'வேலை கிடைக்குமா' என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். அவனுக்கு எப்படித் தெரியும்? வேறு கேள்விகள் கேளுங்கள். வழிகாட்டி யார்? அவரிடம் இதற்கு முன் படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஆய்வுக்கூடத்தில் கருவி இருக்கிறதா, அல்லது வேறு ஊருக்கு அனுப்பி அளக்க வேண்டுமா? மாப்பிள்ளை பார்க்கும்போது மூன்று தலைமுறையை விசாரிக்கத் தெரிந்த நமக்கு இதை விசாரிக்கத் தெரியாதா என்ன?

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம், மேடையில் சின்னத்திரைக் கலைஞரை உட்கார வைக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் பார்க்கப் பிடிக்கும். ஆனால் 1974-லிருந்து நம் ஊரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒளியியலில் உலகப் பெயர் பெற்ற கிரிஷ் அகர்வால் பல ஆண்டுகள் அங்கே ஆசிரியராக இருந்தவர். 2008-லிருந்து ஐ.ஐ.டி. இருக்கிறது. அங்கெல்லாம் ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் ஹாஸ்டலில் சாம்பாருக்கு ஏங்கிக்கொண்டு இருப்பார்கள். நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போட்டு, அரை மணி நேரம் நம் பிள்ளைகளோடு பேசச் சொல்லலாமே. அப்படியே நம் சங்கக் கட்டடத்து மொட்டை மாடிக்கு இந்தக் கோடை வருவதற்குள் வெள்ளைப் பூச்சு அடித்துவிடலாம். ஏ.சி.க்கு நன்கொடை திரட்டுவதைவிடச் செலவு குறைவு.

அந்தப் பையன் போன வாரம் வந்திருந்தான். எங்கள் மாடியில் பாதிக்கு மட்டும் வெள்ளையடித்து, கீழே இரண்டு அறையிலும் உட்கூரைச் சூட்டை ஒரு வாரம் அளந்து பார்க்கிறானாம். செயலாளர் அனுமதி கொடுத்துவிட்டார். சுண்ணாம்பு வாங்கி வந்தது அவன் அப்பா. "பரவாயில்ல டீச்சர், எனக்கும்தானே வேகுது" என்றார் மாடிப்படியில் பார்த்தபோது.

வேலை உத்தரவுக்கு இன்னும் பதில் போடவில்லை. நேற்று இரவு அவர் போன் செய்தார். வேறு எதுவும் பேசவில்லை. "அந்த வழிகாட்டி எந்த ஊர்க்காரர் டீச்சர்? எத்தனை பேருக்கு பி.எச்டி. குடுத்திருக்கார்?" என்று மட்டும் கேட்டார். பையனிடமே கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.